42,000 ரூபாய் வளையமும் 400 ரூபாய் ட்யூபும்: நீலாங்கரை வீட்டிலிருந்து

வணக்கம். முதலில் மேலே பாருங்கள். கேமரா ஆடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு கையில் குடை இருக்கிறது. தெரிகிறதா? வராந்தாக் கூரையின் நடுவே சின்ன வேம்பு ஏறிப் போகிறது. அதன் இடுப்பில் கறுப்புப் பாவாடை கட்டியதுபோல ஒன்று இருக்கிறதே, அதைத்தான் காட்ட வந்தேன். நேற்று இரவு ஒன்பது மணிக்குப் பிடித்த மழை, பால்காரர் வரும் நேரம்வரை விடவில்லை. ஐப்பசி மழை வேறு. விடிந்ததும் ஓடி வந்து பார்த்தேன். வராந்தாத் தரை காய்ந்து கிடக்கிறது! தண்டோடு வழிந்த தண்ணீர் மட்டும் வழிந்து, அடியில் கூழாங்கல் பரப்பிய மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அது இறங்கத்தான் வேண்டும், மரத்துக்கு உரிய தண்ணீர் அது.

இன்று சந்தோஷமாக மட்டுமே பேசுவதாக இருந்தேன். ஆனால் காலையில் இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். அதற்கு வருகிறேன், கோபம் கொஞ்சம் ஆறட்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டே வரி. இது மூன்று கிரவுண்டு மனை, 7,200 சதுர அடி. மாமனார் வாங்கியபோதே பெரிய வேம்பு இருந்தது. இப்போது இரண்டு வேம்பு, ஒரு புன்னை, ஒரு முந்திரி, இரண்டு பனை. ஒன்றையும் வெட்டாமல் வீடு கட்டுகிறோம். மற்றதெல்லாம் பழைய வீடியோக்களில் இருக்கிறது.

இப்போது பாவாடை. கூரையில் மரத்துக்காக விட்ட ஓட்டை முப்பது அங்குலம், தண்டு பதினான்கு அங்குலம். சுற்றிலும் எட்டு அங்குல இடைவெளி. ஏன் இவ்வளவு என்று மேஸ்திரி சென்ட்ரிங் அடிக்கும்போதே கேட்டார். மரம் பருக்கும், காற்றில் ஆடும், கான்கிரீட்டோடு உரசினால் பட்டை கிழியும் என்றேன். சரி, அந்த இடைவெளியை எதனால் மூடுவது? இதற்கென்றே ரப்பர் வளையம் செய்து தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. பளபளப்பான புத்தகத்தைக் காட்டினார்கள், காபி குடித்தார்கள், அளவெடுத்தார்கள். விலை 42,000 ரூபாய், பொருத்துவதற்குத் தனிக் கூலி. வளையம் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டேன். அது பராமரிப்பைப் பொறுத்தது என்றார் அந்தத் தம்பி. யாருடைய பராமரிப்பு? என்னுடையதாம்!

அன்று இரவு தூக்கமே இல்லை. ரப்பர்தானே, வளையம்தானே என்று திரும்பத் திரும்ப யோசித்ததில் விடியற்காலையில் பொறி தட்டியது. மறுநாள் புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டி உதிரிப்பாகங்களுக்கு அதைவிட வேறு இடம் உண்டா? மூன்றாவது கடையில் டிராக்டர் பின்சக்கரத்தின் பழைய ட்யூப் கிடைத்தது. நல்ல தடிமன், ஒரே ஒரு பஞ்சர் ஒட்டு. 650 என்றார். நான் 300 என்றேன். டிராக்டருக்கா அம்மா என்றார், வேப்பமரத்துக்கு என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு 400-க்குக் கொடுத்துவிட்டார். பயந்துதான் கொடுத்தார் என்கிறார் என் கணவர்.

நீளவாக்கில் அறுத்து விரித்தால் அகலமான ரப்பர் பட்டை. கூரை ஓட்டையைச் சுற்றி ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டிய விளிம்பில் கீழ் ஓரத்தை இரும்புப் பட்டி வைத்து முறுக்கிவிட்டோம். மேல் ஓரம் தண்டின் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. அதே ட்யூபில் நறுக்கிய நாடாவால் தளர்வாக ஒரு கட்டு, அவ்வளவுதான். தளர்வாக என்பதை மறந்துவிடாதீர்கள். இறுக்கிக் கட்டினால் மரம் பருக்கும்போது கட்டு பட்டைக்குள் அமிழ்ந்து, சத்து இறங்கும் பாதையே நெரிந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறித் தளர்த்திவிட வேண்டும். வெயிலில் மூன்று வருடம் தாங்கினாலும் இன்னொரு 400 ரூபாய்தானே?

போகவர ஆட்டோவுக்கு 900 ரூபாய் ஆனதை ஏன் சொல்லவில்லை என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் கை காட்டுகிறார். சொல்லிவிட்டேன், போதுமா? மொத்தம் 1,300. அப்போதும் மிச்சம் 40,700.

சொகுசு வீடு கட்டுகிறவர் ட்யூபுக்குப் பேரம் பேசுகிறாரே என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். சொகுசு வீடு கட்டினால் ஏமாந்தே தீர வேண்டும் என்று சட்டமா? காசு எங்கே போயிற்று என்று காட்டுகிறேன், வாருங்கள். குனிந்து பாருங்கள். வீட்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா? அங்கேதான் போயிற்று.

இந்த இடத்தை நான் பலமுறை சொல்லியும் புரியவைக்க முடியவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து கிளையைப் பார்த்து, ஆகா, என்ன நிழல் என்கிறார்கள். முதலில் வந்த ஆர்க்கிடெக்டும் அப்படித்தான். அவர் வரைபடத்தில் மரம் என்பது அழகான ஒரு பச்சை வட்டம், எட்டணா நாணயம் அளவுக்கு. அந்த வட்டத்தை ஒட்டியே நீச்சல் குளம் வரைந்திருந்தார். அடியில் வேர் ஓடுகிறதே என்றேன், வேர் ஆழமாகப் போய்விடும் அம்மா என்றார். போகாது. மரத்துக்கு உணவும் தண்ணீரும் காற்றும் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு, மூன்று அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதுவும் கிளை விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டிப் படர்கிறது. வேம்பின் ஆணிவேர் ஆழமாக இறங்கும்தான், ஆனால் ஆணிவேரை மட்டும் வைத்துக்கொண்டு அது பிழைக்காது.

இரண்டாவதாக வந்த பெண் அண்ணாந்தே பார்க்கவில்லை. என் இடுப்பிலிருந்த டேப்பைக் கேட்டு வாங்கி (நான் டேப் இல்லாமல் வெளியே போவதில்லை, உங்களுக்குத் தெரியும்) நாலரை அடி உயரத்தில் பெரிய வேம்பின் சுற்றளவை எடுத்தார். 75 அங்குலம். விட்டம் ஏறக்குறைய இரண்டு அடி. அதைப்போல் பன்னிரண்டு மடங்கு, அதாவது 24 அடி ஆரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். மர நிபுணர்கள் வைத்திருக்கும் கணக்கு அது. வட்டத்துக்குள் தோண்டக் கூடாது, மண் கொட்டக் கூடாது, லாரி ஏறக் கூடாது. கணக்குப் போட்டால் 1,800 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஒரே வேம்புக்கு முக்கால் கிரவுண்டு! என் கணவர் அந்த வட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் காரில் உட்கார்ந்துகொண்டார். நீச்சல் குளம் அன்றே போயிற்று. தரைக்கடியில் சினிமா பார்க்கும் அறை வேண்டும் என்று பத்து வருடமாகக் கனவு கண்டிருந்தார், அதுவும் போயிற்று. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நீலாங்கரையில் கடல் இவ்வளவு பக்கத்தில், பள்ளம் தோண்டினால் தண்ணீர். அதற்குள் உட்கார்ந்து யார் படம் பார்ப்பது?

பெரிய வேம்பின் வட்டத்தை முழுதாக விட்டுவிட்டு வீட்டை அதைச் சுற்றி வளைத்தோம். சின்ன வேம்பின் வட்டத்துக்குள்தான் வீடு நுழைகிறது, வேறு வழியில்லை. அங்கே வழக்கமான அஸ்திவாரம் போட்டால் நீளமாகக் கால்வாய் வெட்டி எல்லா வேரையும் அறுத்திருப்போம். அதனால் பைல், அதாவது துளை போட்டு மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண். பன்னிரண்டு அங்குல விட்டத்தில் பதினான்கு துளைகள். ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் கையாலேயே மண்ணை எடுத்துப் பார்ப்போம். மணிக்கட்டுப் பருமனில் வேர் வந்தால் புள்ளியை நகர்த்துவோம். ஐந்து புள்ளிகள் நகர்ந்தன. ஒன்று இரண்டு அடி தள்ளிப் போனதில் பீமுக்குக் கம்பி கூடிற்று, எஞ்சினியர் முகம் சுருங்கிற்று. இங்கே கடல் மணல், துளை போடப் போடச் சரியும். இரும்புக் குழாயை இறக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அந்தச் செலவில் ஒரு கார் வாங்கியிருக்கலாம். பைல்களின் தலையில் பீம், தரையைத் தொடாமல் ஒன்றரை அடி மேலே. நீங்கள் குனிந்து பார்த்த வெளிச்சம் அதுதான். மண் மூச்சுவிடுகிறது. பாம்பு வந்து குடியிருக்கும் என்றார் மாமியார். சுற்றிலும் வலை அடித்தாயிற்று.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், பைலைவிட முக்கியம். அஸ்திவாரத்தில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்துவிட்டுக் கழிவுநீர்க் குழாய்க்கும் மின்சாரக் கேபிளுக்கும் குறுக்கே பள்ளம் வெட்டினால் எல்லாம் வீண். எல்லாக் குழாய்களையும் வடக்குச் சுவரோரம் ஒரே பள்ளத்தில் கொண்டுபோனோம். தண்ணீர்த் தொட்டியும் மழைநீர்த் தொட்டியும் அந்தப் பக்கம்தான். 2003-இலிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதை எங்கே வைப்பது என்பது நம் சாமர்த்தியம். எங்கள் தெருவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். சாக்கடைக்காக ஒரு பக்க வேரை அறுத்த தூங்குமூஞ்சி மரம் அறுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. இந்த மனையிலிருந்த குல்மோகர் மதிலை உடைத்துக்கொண்டு விழுந்தது. வேம்பு ஒரு கிளையை மட்டும் இழந்து தப்பியது. குல்மோகர் எனக்கு எப்போதுமே பிடிக்காது. இரண்டு மாதப் பூவுக்காக வருடம் முழுக்கப் பயப்பட முடியாது.

கூரையில் ஓட்டை போட்டு மரம் விடுவதை நாங்கள் கண்டுபிடித்ததுபோல ஒரு தம்பி புகழ்ந்திருந்தார். இல்லையப்பா. 1925-இல் பாரிஸ் கண்காட்சிக்கு லெ கொர்புசியே என்ற ஆர்க்கிடெக்ட் கட்டிய கூடத்திலேயே கூரை ஓட்டைக்குள் மரம் நின்றது. ஆனால் அது கண்காட்சிக்காகக் கட்டி, பிறகு இடித்துவிட்ட கூடம். மரம் பருத்தால் என்ன ஆகும் என்று அவர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பிடித்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். மரத்தைக் கண்டால் சுவர் ஒதுங்கிப் போகிறது, நெரிசலில் பெரியவருக்கு வழிவிடுவதுபோல.

ஒன்றை வெட்டினால் பத்து நட்டுவிடலாமே என்கிற கணக்கு இந்த வாரமும் வந்திருக்கிறது. பத்து கன்றும் வரும் சித்திரையில் மூன்று மணி வெயிலை மேற்குச் சுவரில் விழாமல் தடுக்குமா? போன கோடையில் மர நிழல் விழும் சுவரிலும் விழாத சுவரிலும் கை வைத்துக் காட்டினேனே. பக்கத்து மனையில் நல்ல வேம்பு ஒன்றை வெட்டிவிட்டு, ஆந்திராவில் கடியம் நர்சரியிலிருந்து பெரிய பெரிய மரங்களை லாரியில் கொண்டுவந்து கிரேனில் இறக்கினார்கள். நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்து நிற்கின்றன, ஆஸ்பத்திரியில் நோயாளி நிற்பதுபோல.

இன்னொரு கேள்வி: மனையில் அரச மரம் இருக்கிறது, இதேபோல் செய்யலாமா? செய்யாதீர்கள். அரசும் ஆலும் சுவர் இடுக்கில் வேர் விடுபவை. மரம் இருக்கட்டும், வீட்டைத் தள்ளிக் கட்டுங்கள். தென்னைக்குக் கீழே கண்ணாடிக் கூரை போடுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. வேம்பாக இருந்தால் மாசி, பங்குனியில் இலை கொட்டும். மொட்டைமாடியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயை நான்கு அங்குலமாகப் போடுங்கள், அதன் வாயில் இலையைத் தடுக்கும் குமிழ் மூடி வையுங்கள். இலை கொட்டுகிறதே என்று புலம்புகிறவர்கள் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ கேட்டு என் வீட்டுக்கு வரக் கூடாது.

வடகிழக்கில் புன்னை இருக்கலாமா என்று வாஸ்து பேசிய சின்ன மாமனாரிடம் நடந்ததைத் தனி வீடியோவில் சொல்கிறேன். அவரும் இதைப் பார்க்கிறார்.

அந்தப் புன்னைதான் இன்றைய கோபம். இதோ, அடியில் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கிறதே, சிமெண்டுத் தண்ணீர். பூச்சு வேலைக்காரர்கள் நேற்று மாலை கலவைச் சட்டிகளை இங்கே கழுவியிருக்கிறார்கள். சிமெண்டு காரம். மண்ணின் தன்மையையே மாற்றிவிடும். கழுவுவதற்கென்றே தெருப் பக்க மூலையில் தார்ப்பாய் விரித்துக் குழி போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதை மூன்று வீடியோக்களில் காட்டியும் இருக்கிறேன். ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டதற்கு, இங்கேதானே அம்மா நிழல் இருக்கிறது என்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை எனக்கு. நாளைக்கு அந்தக் குழியின் மேல் கீற்றுப் பந்தல் போட்டுவிடுகிறேன்.

மேல் மண்ணை ஆறு அங்குலம் கையாலேயே சுரண்டி எடுத்தாயிற்று, வேர் அறுபடாமல். நல்ல மண் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். ஆனால் மரத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டு வேலி போட்டிருந்தேனே, அதைத் தாண்டி எப்படி வந்தார்கள் என்று பார்த்தால் இரண்டு கம்புகளைக் காணவில்லை. அண்ணாந்து பாருங்கள், மேற்குச் சாரத்தில். கீழிருந்து மூன்றாவது குறுக்குக் கம்பு, நான் பச்சைப் பெயிண்ட் பூசிய நுனி தெரிகிறதா? ஒன்று அங்கே இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று மேஸ்திரியைக் கேட்க வேண்டும். அதோ வருகிறார். கேமராவை அணைக்கிறேன்.