4294967297: ஐந்தாவது வகுத்தலில் உடைந்த எண்

வணக்கம் உறவுகளே, கிளிநொச்சியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வயலில் காலபோக அறுவடை நடக்கிறது. இன்றைக்கு முழுக்க ஒரே ஓர் எண்தான்: 4294967297.

2இன் 32ஆம் வலுவோடு 1ஐக் கூட்டினால் இது வரும். பிரான்சில் 1640இல் ஃபெர்மா என்ற கணித அறிஞர் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் பார்த்தார். ஒவ்வொன்றும் 2இன் ஒரு வலுவோடு 1 சேர்ந்தது. சுட்டி 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகிறது. ஐந்தும் முதன்மை எண்கள். சுட்டி 32 ஆகும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் அதை உடைத்துவிட்டார்: 641 × 6700417.

2, 3, 5, 7 என்று முதன்மை எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டு போனால், 641 வருவது 116ஆவதாக. ஆனால் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை (ஒரு முதன்மை எண் p ஆல் வகுபடாத எந்த எண்ணையும் p − 1ஆம் வலுவுக்கு உயர்த்தி pஆல் வகுத்தால் மீதி 1) பிடித்துக்கொண்டால், இந்த எண்ணை வகுக்கும் எந்த முதன்மை எண்ணும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகத்தான் இருக்க முடியும். 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே வேலை முடிந்தது! அந்தத் தேற்றத்தையும் அதே 1640இல்தான் ஃபெர்மா எழுதினார். கருவி அவருடைய கையிலேயே இருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இனி, வகுக்காமலே 641ஐப் பிடிப்போம். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள். 5 × 128 = 640. 128 என்பது 2இன் 7ஆம் வலு. 640 என்பது 641ஐவிட ஒன்று குறைவு, ஆகவே 640ஐ 641ஆல் வகுத்தால் மீதியை −1 என்று எழுதலாம். 640ஐயும் அந்த −1ஐயும் நான்காம் வலுவுக்கு உயர்த்துங்கள்: 5⁴ × 2²⁸ இன் மீதி 1. இப்போது 5⁴ஐ மட்டும் பாருங்கள். அது 625, அதாவது 641 − 16. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −16ஐ, அதாவது −2⁴ஐப் போடலாம். −2⁴ × 2²⁸ என்பது −2³². அதன் மீதி 1 என்றால், 2³² + 1இன் மீதி பூச்சியம். நம்முடைய எண் 641ஆல் மீதியின்றி வகுபடுகிறது!

மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் புதுக்குடியிருப்பிலும் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு எடுக்கலாமா என்று தயங்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதைப் பதிவு செய்கிறேன். மேலே செய்ததில் சாதாரண தரம் படித்த பிள்ளைக்கு எட்டாதது எதுவுமே இல்லை. வலு, மீதி, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான்.

சுட்டி 64 ஆகும்போது வரும் எண் 18446744073709551617. 1880இல் லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் அதன் காரணியைக் கண்டுபிடித்தார்: 274177. கொப்பியை எடுத்து, கையாலேயே நீள்வகுத்தல் செய்து பாருங்கள். விடை 67280421310721 என்று வர வேண்டும்.