குண்டு எந்தப் பக்கம் விழுந்தது?

எல்லாருக்கும் வணக்கம். திரையில் தெரிகிறதே, அது நான் முதன்முதலில் ஒரு கேமுக்காகச் செய்த டைனர், அதாவது அமெரிக்க பாணிச் சின்னச் சாப்பாட்டுக்கடை. சிரிக்கலாம், தப்பில்லை. சுவரெல்லாம் துரு, ஸ்டூலெல்லாம் துரு, கூரையிலிருந்து ஒயர் தொங்குகிறது, நடுவில் கட்டாயத்துக்கு ஒரு எலும்புக்கூடு, அணுகுண்டு விழுந்து உலகம் அழிந்து நூறு வருஷம் ஆன கதையில் நியான் விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கிறது. டீமில் இருந்த மூத்த ஆர்ட்டிஸ்ட் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குண்டு எந்தப் பக்கம் விழுந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. நியானுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விட்டாரே, அந்த மட்டும் பிழைத்தேன்.

அன்றிலிருந்து நான் எந்தக் கடையையும் இடிந்த நிலையில் ஆரம்பிப்பதில்லை. முதலில் புத்தம் புதுசாகக் கட்டி, விளக்குப் போட்டு, காப்பி கொதிக்கவிட்டு, அப்புறம்தான் குண்டு.

கட்டுவது என்றால் அந்தக் கடை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். டைனரின் பூர்வீகம் ஒரு குதிரை வண்டி. 1872ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர், ராத்திரி வேலை பார்க்கும் பத்திரிகைக்காரர்களுக்கு வண்டியில் வைத்துச் சாப்பாடு விற்றார். பின்னால் டைனர்களைத் தொழிற்சாலையிலேயே முழுசாகச் செய்து ரோடு வழியாகவோ ரயிலிலோ கொண்டுபோய் இறக்கினார்கள். ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருப்பதற்கு அதுதான் காரணம், அழகுக்காக இல்லை. இந்த ஒடுக்கம் கேமில் நம் கழுத்தைப் பிடிக்கும். ஒரு பக்கம் கவுண்டர், ஒரு பக்கம் பூத் என்கிற எதிரெதிர் இருக்கையும் மேசையும், நடுவில் ஒரே ஒரு நடை. பிளேயரின் தோளுக்குப் பின்னால் நிற்கும் கேமரா சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும், சண்டை வந்தால் இரண்டு முனையிலும் நின்று சுட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது. அதனால் அகலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், யாருக்கும் தெரியாது. சமையலறைக்குப் பின்வாசல் வையுங்கள், தட்டு நீட்டுகிற ஜன்னலை ஆள் தாவுகிற அளவுக்குப் பெரிசாக்குங்கள். பிளேயருக்குச் சுற்றிவர ஒரு பாதை கிடைத்துவிடும்.

சரி, அந்தக் காலத்து ஆட்கள் கனவு கண்ட எதிர்காலம் எங்கே? 1949ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜான் லாட்னர் கூகிஸ் என்று ஒரு காப்பிக்கடை கட்டினார். அந்தப் பெயரையே எடுத்து 1952ல் டக்ளஸ் ஹாஸ்கல் என்ற விமர்சகர் ஒரு பாணிக்குக் கூகி என்று பெயர் வைத்தார், பாராட்டுக்காக இல்லை, கிண்டலாகத்தான். சாய்ந்து மேலே கிளம்பும் கூரை, நட்சத்திரம் வெடித்த மாதிரி போர்டு, காரில் போகிறவன் தூரத்திலிருந்தே பார்த்துப் பிரேக் போடவேண்டும், அதுதான் கணக்கு. 1958ல் ஃபோர்டு கம்பெனி, பின்புறம் அணு உலை வைத்த நியூக்ளியான் என்ற காருக்குச் சின்ன மாதிரி செய்து காட்டியது. அணுவை அப்படி நம்பிய காலம். அந்த நம்பிக்கை உங்கள் கடையில் இல்லையென்றால் இடிபாடு வெறும் குப்பைதான். 1997ல் வந்த, அணுப்போருக்குப் பிந்தைய உலகத்தைக் காட்டும் ஃபால்அவுட் கேமைப் பார்த்துப் பார்த்து நகல் எடுக்கிறவர்கள் குப்பையை மட்டும்தான் எடுக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த நம்பிக்கை எல்லாருக்கும் பரிமாறப்பட்டதில்லை. 1960 பிப்ரவரி 1ல் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வூல்வொர்த் கடையின் சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். அந்தக் காலத்து ஸ்டூலை மாடல் செய்யும்போது இது உங்கள் மண்டைக்குள் இருக்கட்டும்.

இப்போது குண்டு. 1953 மார்ச் 17ல் நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைக்காக ஒரு மர வீட்டைக் கட்டி, வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். அதில் முதலில் வெளிச்சம் வருகிறது, வெடிப்பைப் பார்த்த சுவரில் பெயிண்ட் கருகிப் புகைகிறது, அதற்கப்புறம்தான் காற்றழுத்தம் வந்து வீட்டைத் தூக்கி எறிகிறது. எனக்குப் பாதி வேலை இதிலேயே முடிந்துவிட்டது. வரைபடத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி முழுவதும் பூத்துக்குள் சிதறியிருக்கும், அந்தப் பக்கத்து மேசைகள் மட்டும் கருகியிருக்கும், சர்க்கரைக் குடுவை நின்ற இடத்தில் அதன் நிழல் கருகாமல் மிஞ்சியிருக்கும் என்று எழுதி வைத்துக்கொண்டேன். கவுண்டருக்குப் பின்னால் தரையோரத்தில் அடுக்கியிருந்த கப்புகள் உடையாமல்கூட இருக்கலாம்.

துரு விஷயத்தில் ஒரு கெஞ்சல். எவர்சில்வர் தகடு இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. மங்கும், நசுங்கும், கறை படியும். ஸ்டூல் கால்களில் இருப்பது குரோம் முலாம், அது புள்ளி புள்ளியாகப் பொத்து, அடியிலிருக்கும் இரும்பு துருவாக வெளியே வரும். ரெக்சின் இருக்கை காய்ந்து விறைத்து வெடிக்கும். ஃபார்மிகா, அதாவது சன்மைக்கா மாதிரி தகடு ஒட்டிய மேசை, ஓரத்தில் பிரிந்து நிற்கும். நாலும் நாலு விதமாகக் கெடும்போதுதான் அறைக்கு உயிர் வருகிறது, ஒரே துரு டெக்ஸ்சரை, அதாவது மேலே ஒட்டுகிற துருப் படத்தை, எல்லாவற்றின் மேலும் பூசினால் வராது.

கடைசியாக, இப்போது அங்கே வாழ்கிறவர்கள். அவர்களுக்கு இது நினைவுச்சின்னம் இல்லை, தகடும் ரெக்சினும் கிடைக்கிற இடம். வெளிச்சுவரின் எவர்சில்வரை உரித்து வேறு யாரோ கூரை போட்டிருப்பார்கள், இருக்கைகள் சதுரம் சதுரமாக அறுபட்டிருக்கும், அறுத்தவன் செருப்புத் தைத்திருப்பான். நான் இப்போது செய்துகொண்டிருக்கும் கடையில் கவுண்டருக்கு மேலே ஒரு மெனு பலகை இருக்கிறது, ஆங்கில எழுத்துகளைக் கழற்றி மாட்டுகிற வகை. வாஃபிளில் மூன்று எழுத்து காணோம், டோஸ்ட்டில் ஒன்று, பர்கரில் ஒன்று. பிளேயர் அதை வெறும் பழசு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். பின்வாசல் வழியாக வெளியே வந்தால் ஒரு பீப்பாய் நிற்கும், அதன்மேல் அந்த ஐந்து எழுத்துகளையும் ஆணியடித்து ஆங்கிலத்தில் 'வாட்டர்' என்று வைத்திருப்பார்கள்.