இலக்கியத் திருவிழாவை இணையத்தில் பார்த்தால் போதுமா?

அடுத்த கேள்வி. "நான் சிறுகதை எழுதுகிறேன். இருப்பது சிறிய ஊர். ஜெய்ப்பூர் இலக்கியத் திருவிழா மாதிரி இடங்களுக்கு நேரில் போக வசதியில்லை. இணையத்தில் கலந்துகொண்டால் பயன் உண்டா? பதிவைப் பிறகு யூடியூபில் பார்த்துக்கொண்டால் போதாதா?"

உண்மையைச் சொன்னால், முக்கால்வாசி அமர்வுகளுக்குப் பதிவே போதும். நேரலைக்காக வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டியதில்லை.

இந்த வசதி நமக்குப் பழகியதே பெருந்தொற்றுக் காலத்தில்தான். வேல்ஸில் ஹே-ஆன்-வை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது, பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போனது. அங்கே 1988 முதல் நடக்கும் ஹே திருவிழா, 2020 மே மாதம் கூடாரங்களை விட்டுவிட்டு இணையத்துக்கு வந்தது. கட்டணமும் வாங்கவில்லை. ஜெய்ப்பூர் விழா 2021 பிப்ரவரியில் அப்படி நடந்தது. இப்போது எல்லாம் பழையபடி நேரில் நடக்கிறது. எந்த அமர்வு நேரலையில் வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேயில் மாலை 7 மணி என்றால் நமக்கு இரவு பதினொன்றரை, அதையும் கணக்கில் வையுங்கள். ஜெய்ப்பூருக்கு அந்தத் தொல்லை இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து பார்ப்பவருக்கும் கடிகாரம் ஒன்றுதான்.

சரி, எதை நேரலையில் பார்ப்பது? எந்த எழுத்தாளரைப் படித்திருக்கிறீர்களோ, அவரிடம் கேட்க உங்களுக்கு ஏதாவது இருக்கிறதோ, அந்த அமர்வை மட்டும். பதிவில் கிடைக்காதது கேள்வி கேட்கும் வாய்ப்பு ஒன்றுதான். நேரில் போனால் மைக் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, கேள்வி என்று ஆரம்பித்து, தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். இணையத்தில் கூச்சப்படுகிறவருக்கும் இடம் உண்டு. ஜூம் வெபினார் என்றால் அரட்டைப் பெட்டி வேறு, கேள்விப் பெட்டி வேறு. வணக்கமும் வாழ்த்தும் ஓடிக்கொண்டிருக்கும் அரட்டையில் கேள்வியைப் போட்டால் அது அடித்துக்கொண்டு போய்விடும். கேள்விப் பெட்டியில் போடுங்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். "உங்கள் எழுத்துக்கு உந்துதல் எது?" என்று கேட்டால், அவர் நூறு மேடைகளில் சொன்ன பதிலைத்தான் மறுபடி சொல்வார். இன்ன கதையில் அந்தப் பெண்ணின் பெயரைக் கடைசிவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த யோசனைக்காகத்தான் நீங்கள் போனீர்கள்.

எழுதுகிறவராக இன்னொன்றும் சொல்வேன். மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கும் அமர்வு எதுவானாலும் தவறவிடாதீர்கள். சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகத்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2022-இல் ஓர் இந்தி நாவலுக்காக, அதை எழுதிய கீதாஞ்சலி ஸ்ரீயும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டெய்சி ராக்வெலும் அப்படிப் பகிர்ந்துகொண்டார்கள். நாவலாசிரியர் மட்டும் இருந்தால் பேச்சு அரசியல், சமூகம் என்று மேலே போய்விடும். ஒவ்வொரு வாக்கியத்தோடும் மல்லுக்கட்டிய ஆள் பக்கத்தில் இருந்தால் பேச்சு வாக்கியத்துக்கு இறங்கும். எந்த இடத்தில் கதைசொல்லியின் குரல் மாறுகிறது, எந்த வசைச்சொல் எப்படி உருமாறியது என்றெல்லாம் வரும். உங்கள் கதையைத் திருத்தும்போது உதவுவது இதுதான். அப்புறம், ஒரு நாளுக்கு இரண்டு அமர்வு போதும். மூன்றாவதில் திரை ஓடிக்கொண்டிருக்கும், நாம் கைப்பேசியில் வேறு எதையோ தள்ளிக்கொண்டிருப்போம்.

பதிப்பாளர் தொடர்பு கிடைக்குமா என்றும் அதே வாசகர் கேட்டிருக்கிறார். அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பதிப்புத் துறைக்காரர்களுக்கென்றே ஜெய்ப்பூர் புக்மார்க் என்று தனியாக ஒரு பகுதி 2014 முதல் அங்கே நடக்கிறது. அதன் அமர்வுகள் சில பதிவாகக் கிடைத்தாலும், காரியம் நடப்பது அமர்வு முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும் இடத்தில். அங்கே கேமரா இருக்காது. உங்கள் கதையைச் சிற்றிதழுக்கோ இணைய இதழுக்கோ அனுப்புங்கள். அந்த வழிக்கு ஜெய்ப்பூர் தேவையில்லை.