சேற்றில் நின்று சுட்ட கப்பல்

நேயர்களுக்கு வணக்கம்.

எம்டன் என்றதும் நமக்கு ஒரு ராத்திரி நினைவுக்கு வரும். 1914 செப்டம்பர் 22, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்த ராத்திரி. அந்த எம்டன், ஜெர்மன் அட்மிரல் ஸ்பேயின் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல். மற்றக் கப்பல்களோடு ஸ்பே பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்கா பக்கம் போனார். அங்கே அவர் எதிர்ப்பட்ட ஒரு கிழட்டுப் பிரிட்டிஷ் கப்பலைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன். பெயர் கனோபஸ்.

1897இல் கடலில் இறக்கிய கப்பல் அது. பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் நான்கு. 1906இல் டிரெட்னாட் என்ற புதுவகைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்ததும், அதற்கு முந்தைய போர்க்கப்பல்கள் எல்லாமே ஒரே நாளில் பழசாகிப்போயின. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் பழசையும் தூசு தட்டி அனுப்பினார்கள்.

ஸ்பேயைத் தேடிப்போன பிரிட்டிஷ் அட்மிரல் கிரடாக்குக்குத் துணையாக வந்தது கனோபஸ். மணிக்குப் பன்னிரண்டு கடல் மைலுக்கு மேல் வேகம் வராது என்று அதன் தலைமைப் பொறியாளர் சொல்லிவிட்டார். கிரடாக் அதை நம்பி, கனோபஸை விட்டுவிட்டே போனார். நவம்பர் 1, சிலி நாட்டுக் கொரொனல் அருகே அவருடைய இரண்டு கப்பல்கள் மூழ்கின. ஏறத்தாழ 1,600 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் பொறியாளர் மனநிலை சரியில்லாதவர், அறையை விட்டு வெளியே வருவதே அரிது என்பது பிறகுதான் தெரிந்தது. கப்பல் அதைவிட வேகமாகவே ஓடும்! ஆனால் அது கூட இருந்திருந்தால் கிரடாக் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். பீரங்கிதான் பெரிது, சுடுபவர்களுக்குப் பழக்கம் குறைவு.

அப்புறம், தென் அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் வசமிருந்த ஃபாக்லாந்து தீவின் ஸ்டான்லி துறைமுகத்தைக் காக்கச் சொல்லி கனோபஸுக்கு உத்தரவு வந்தது. அதன் கேப்டன் ஹீத்கோட் கிராண்ட் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். கப்பலைச் சேற்றில் ஏற்றி உட்காரவைத்துவிட்டார். போர்க்கப்பல் கோட்டையாகிவிட்டது! நடுவே மேடு மறைக்கும் என்பதால், கரையில் ஆளை நிறுத்தித் தொலைபேசிக் கம்பி இழுத்தார். எதிரி எங்கே என்று அங்கிருந்து சொல்ல, இங்கிருந்து சுட வேண்டும்.

டிசம்பர் 7ஆம் தேதி பிரிட்டிஷ் அட்மிரல் ஸ்டர்டியின் பெரிய படை வந்து சேர்ந்தது. மறுநாள் காலை அது கரி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்பேயின் கப்பல்கள் தலைகாட்டின. முதலில் சுட்டது கனோபஸ்தான். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரம், குண்டுகள் எட்டவில்லை. அடுத்த சுற்றில் பயிற்சிக் குண்டுகள் போயின. அன்று பயிற்சிப் போட்டி இருந்ததால், பின்பக்கப் பீரங்கிக்காரர்கள் ராத்திரியே திருட்டுத்தனமாக நிரப்பி வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. வெடிக்காத அந்தக் குண்டுகளில் ஒன்று தண்ணீரில் தட்டி எகிறி, க்னைசெனா என்ற ஜெர்மன் கப்பலின் புகைபோக்கி அடியில் பாய்ந்தது. ஜெர்மன் கப்பல்கள் திரும்பிவிட்டன.

அந்த இடைவெளியில் ஸ்டர்டி கொதிகலன்களில் நீராவி ஏற்றிக்கொண்டு துரத்தினார். அன்றைக்கே நான்கு ஜெர்மன் கப்பல்கள் மூழ்கின. ஸ்பேயும் அவருடைய இரண்டு மகன்களும் இறந்துபோனார்கள்.

துரத்தலில் கனோபஸுக்குப் பங்கில்லை. அது சேற்றிலேயே இருந்தது. 1915இல் துருக்கியின் டார்டனல்ஸ் நீரிணைச் சண்டைக்குப் போனது, பிற்பாடு மாலுமிகள் தங்கும் கப்பலானது. 1920இல் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள்.