காதருகே வந்த குரல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நான் மேடையேறுவதற்கு முன்பாக, அரங்கின் விளக்குகளைச் சற்றுத் தணித்துவிட்டு, ரிச்சர்ட் கார்ப்பென்டர், கேரன் கார்ப்பென்டர் என்ற அமெரிக்க அண்ணன் தங்கை இருவரும் 1971-இல் வெளியிட்ட ‘சூப்பர்ஸ்டார்’ பாடலின் முதல் இரண்டு நிமிடங்களை ஒலிக்கச் செய்தோம். அதுவரை பின்வரிசைகளிலிருந்து வந்துகொண்டிருந்த பேச்சரவமும் நாற்காலி இழுக்கும் ஓசையும், கேரன் பாடத் தொடங்கிய சில நொடிகளில் அடங்கிவிட்டதைத் திரைமறைவில் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தை அடக்க அவர் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தியே பாடினார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சாஃப்ட் ராக் என்ற பெயரில் ஒலித்த பாடல்களின் ஈர்ப்பு எது என்று என்னைக் கேட்டால், பாடுகிறவர் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்ற உணர்வுதான் என்பேன். அந்த அண்மை தானாக அமைந்ததன்று; இரவு பகலாக உழைத்து உருவாக்கப்பட்டது. அந்த உழைப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1970 மே 4 அன்று ஒகையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் போர் விரிவடைவதை எதிர்த்துக் கூடிய மாணவர்கள்மீது தேசியக் காவல் படையினர் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். அதே மாதத்தில்தான் கார்ப்பென்டர்களின் ‘க்ளோஸ் டு யூ’ இசைத்தட்டு வெளிவந்தது. ஜூலைக் கடைசியில் அமெரிக்கப் பாடல் வரிசையின் முதலிடத்தைப் பிடித்து 4 வாரங்கள் அங்கேயே இருந்தது. நாடு பற்றியெரியும்போது முகத்தைத் திருப்பிக்கொண்ட இசை இது என்று அன்று முதல் இன்று வரை குற்றம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தெருவில் எழுந்த துயரம் இரவில் வீட்டுக்குள் வந்து சேரும்போது, அதை ஓர் அறைக்குள் அடங்கும் குரலில் சொல்லவும் ஒருவர் வேண்டியிருக்கிறது. அதே 1970-இல் வந்த ஜேம்ஸ் டெய்லரின் ‘ஃபயர் அண்ட் ரெயின்’, தோழி ஒருத்தியின் தற்கொலையையும் போதைப் பழக்கத்திலிருந்து மீளப் பாடகரே பட்ட அவதியையும் பாடுகிறது. கிட்டாரின் தந்திகள் மென்மையாகத்தான் ஒலிக்கின்றன. சொல்லப்படும் செய்தியோ நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் கனக்கிறது. அடுத்த ஆண்டு கரோல் கிங் வெளியிட்ட ‘டேப்பஸ்ட்ரி’ ஆல்பம் 15 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதில் பியானோவுக்கு முன் அமர்ந்து ஒரு பெண் தன் தனிமையைத் தானே எடுத்துச் சொல்கிறார்.

இனிக் கேரனிடம் வருவோம். அவர் தம்மைப் பாடகி என்று சொல்லிக்கொண்டதைவிட, பாடவும் செய்கிற டிரம்ஸ் கலைஞர் என்றே சொல்லிக்கொண்டார். ‘சூப்பர்ஸ்டார்’ பாடலை ஒலிப்பதிவு செய்த நாளில், ஒரு காகிதக் கைக்குட்டையில் கிறுக்கி வைத்திருந்த வரிகளைப் பார்த்து, மற்ற இசைக்கலைஞர்களுக்கு வழிகாட்டுவதற்காக மட்டும் ஒருமுறை பாடிக் காட்டினார் என்றும், அதைவிடச் சிறப்பாக இன்னொன்று அமையாது என்று கண்டு அதையே இசைத்தட்டில் சேர்த்துவிட்டார்கள் என்றும் ரிச்சர்ட் சொல்லியிருக்கிறார். பெண்குரலின் கீழ்ஸ்தாயிக்குத் தொலைவு செல்லும் வலிமை குறைவு; மைக் இல்லாத பழைய அரங்குகளில் அந்தச் சுரங்கள் மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்கமாட்டா. மைக்கைத் தொட்டுவிடும் நெருக்கத்தில் நின்று பாடியபோதுதான் அந்தக் கீழ்ச்சுரங்களின் முழு நிறமும், சொல்லுக்கு முன்னால் இழுக்கும் மூச்சும், சொல் முடிந்தபின் உதடுகள் மூடும் மெல்லிய ஓசையும் டேப்பில் ஏறின. பிறர் எழுதிய அந்தப் பாடலில் உடற்சேர்க்கையை வெளிப்படையாகச் சொன்ன ஒரு சொல்லை நீக்கிவிட்டு, ‘உன்னோடு இருக்க’ என்ற பொருள்படும்படி ரிச்சர்ட் மாற்றினார். வானொலிக்காகச் செய்த திருத்தம்தான். ஆனாலும் அந்த அடக்கத்தால் ஏக்கம் குறையாமல் கூடியது என்பது என் எண்ணம்.

உழைப்பு என்று சொன்னேன். அதற்கு இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் நடந்த ஒன்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. டென் சிசி என்ற குழுவினர் ‘ஐ’ம் நாட் இன் லவ்’ பாடலை முதலில் பிரேசில் நாட்டு போசா நோவா தாளத்தில் பதிவு செய்து பார்த்தார்கள், பிடிக்காமல் ஒதுக்கிவிட்டார்கள். பிறகு, வாத்தியங்களைக் குறைத்து, பாட்டு முழுவதையும் குரல்களாலேயே நிரப்பினால் என்ன என்று கெவின் காட்லி கேட்டார். எரிக் ஸ்டூவர்ட் ஒலிப்பதிவு மேசையில் அமர, மற்ற மூவரும் ஒரே சுரத்தை ‘ஆ’ என்று சேர்ந்து 16 முறை பாடினார்கள். ஆக ஒரு சுரத்துக்கு 48 குரல்கள். இப்படியே அடுத்தடுத்த அரைச்சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து முடிக்க 3 வாரங்கள் ஆயின. ஒவ்வொரு சுரத்தின் டேப்பையும் முனைகளை ஒட்டி வளையமாக்கி, முடிவின்றிச் சுற்றவிட்டு, 16 தடப் பதிவுக் கருவியில் ஏற்றினார்கள். அதன்பின் மேசையில் உள்ள ஒலியளவுக் கட்டைகளை விரல்களால் ஏற்றியும் இறக்கியும், எந்தச் சுரங்கள் எப்போது மேலெழ வேண்டும், எப்போது கரைய வேண்டும் என்று மேசையையே ஒரு வாத்தியமாக வாசித்தார்கள். மேகம்போல் மிதக்கும் அந்தப் பின்னணி, 600-க்கும் மேற்பட்ட மனிதக் குரல்கள். 1975 ஜூனில் பிரிட்டனின் முதலிடத்தை அது அடைந்தபோது, கேட்டவர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருப்பார்கள்? அறியவேண்டிய தேவையில்லாதபடி செய்திருந்தார்கள். அதுவே அவர்கள் கைத்திறன்.

இசை அறிந்தவர்களுக்காக இன்னொன்று. ச, அந்தர காந்தாரம், ப ஆகிய மூன்றும் சேர்ந்து ஒலித்தால் மேற்கத்தியர் சொல்லும் மேஜர் கார்டு. மனம் வீடு வந்து சேர்ந்தது போன்ற நிறைவு அதில் உண்டு. அதோடு காகலி நிஷாதத்தையும் சேர்த்தால் மேஜர் செவன்த். மேல் ஷட்ஜத்துக்கு அரைச்சுரமே கீழே நின்று, ஏறிவிடத் துடிக்கும் சுரம் அது. நம் கச்சேரியில் பாடகர் காகலி நிஷாதத்தில் நின்றால், அவர் ஷட்ஜத்தைத் தொடும்வரை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். சாஃப்ட் ராக் பாடல்களோ அந்த நிஷாதத்தை ஏறவிடாமல் அப்படியே தொங்கவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுகின்றன. மகிழ்ச்சியும் குறையும் ஒரே நேரத்தில் கேட்பதாக நமக்குத் தோன்றுவது பெரிதும் இதனால்தான்.

இப்படி மென்மையாக ஒலிக்கும் இசைக்குள் எவ்வளவு கசப்பு இருக்க முடியும் என்பதற்கு ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தைச் சொல்லவேண்டும். 1976-இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் பதிவு தொடங்கியபோது, குழுவில் இருந்த கணவன் மனைவி பிரிந்துகொண்டிருந்தார்கள். காதலர் இருவரும் பிரிந்துகொண்டிருந்தார்கள். தன்னைக் குத்திக்காட்டிக் காதலர் எழுதிய பாடலுக்கு ஸ்டீவி நிக்ஸ் பின்குரல் பாடினார்; மனைவி வேறொருவரை நினைத்து எழுதிய பாடலுக்குக் கணவர் ஜான் மெக்வி பேஸ் கிட்டார் வாசித்தார். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சுருதி பிசகாமல் சொல்லிவிட்டார்கள். 1977-இல் வெளிவந்த அந்த ஆல்பம் அமெரிக்காவில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

இந்த இசையை விமர்சகர்கள் நெடுங்காலம் இழிவாகவே பேசினார்கள். வீட்டுவேலைக்கு நடுவே பெண்கள் கேட்பது, பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒலிப்பது என்று சொன்னால் போதும், அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை என்பதுபோல. வேலைக்கு நடுவே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்தப் பெண்களின் காது, விமர்சகர்களின் காதைவிடக் கூர்மையானது என்று நான் நம்புகிறேன். 1994-இல் கார்ப்பென்டர்களைப் போற்றி வந்த ஒரு தொகுப்பில், இரைச்சலுக்கே பெயர்பெற்ற சானிக் யூத் குழு ‘சூப்பர்ஸ்டார்’ பாடலைப் பாடியபோது பலர் வியந்தார்கள். இசைக்கலைஞர்களுக்கு அதன் மதிப்பு முன்பே தெரிந்திருந்தது.

எண்பதுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன், ஏனெனில் எனக்கு அவற்றின்மேல் பற்று சற்றுக் குறைவு. 1981-இல் பாடகர் கிறிஸ்டஃபர் கிராஸ் கிராமியின் நான்கு பெரிய விருதுகளையும் ஒரே இரவில் பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில், பாடல்களைக் காட்சிகளோடு ஒளிபரப்பும் எம்டிவி தொலைக்காட்சி தொடங்கியது. குரலோடு முகமும் அழகாக இருந்தாக வேண்டும் என்றாயிற்று. 1983-இல் யமஹாவின் டிஎக்ஸ்7 என்ற மின்னணு இசைக்கருவி வந்து, பழைய மின்பியானோவின் கதகதப்பான நாதத்துக்குப் பதிலாகக் கண்ணாடி மணி போன்ற நாதத்தைப் பாடல்தோறும் பரப்பியது. டிரம்ஸ் ஒலிக்குப் பெரிய மண்டபத்தின் எதிரொலியைக் கூட்டினார்கள். பாடல் அறையைவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டது. ஏர் சப்ளை குழு போன்றோரின் நல்ல பாடல்கள் இல்லாமலில்லை. என்றாலும் குரல் நம்மைவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுவிட்டதாகவே எனக்குக் கேட்கிறது. 1983 பிப்ரவரி 4 அன்று, உணவை மறுக்கும் நோயால் நலிந்த இதயம் நின்று, கேரன் 32 வயதில் காலமானார்.

இப்போது விளக்குகளை மீண்டும் தணிக்கச் சொல்லியிருக்கிறேன். டென் சிசியின் பாடலை முழுவதும் கேட்போம். நடுவில் அந்த அறுநூறு குரல்களும் அடங்கும் ஓரிடத்தில், ஒரு பெண் கிசுகிசுப்பது கேட்கும். அவர் அந்த ஸ்டூடியோவின் அலுவலகப் பணியாளர். ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது கதவை மெல்லத் திறந்து, எரிக்குக்குத் தொலைபேசி வந்திருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அதைக் கேட்டதும் குழுவைச் சேர்ந்த லோல் க்ரீம், நாம் தேடிய குரல் இதுதான் என்று துள்ளி எழுந்தார். தயங்கிய அவரை மைக்கின் முன் அழைத்துவந்து, தொலைபேசிச் செய்தியைச் சொன்ன அதே தொனியில் பாட்டுக்குரிய சொற்களைச் சொல்லச் செய்தார்கள். அந்த இடம் வரும்போது தயவுசெய்து கண்களை மூடிக்கொள்ளுங்கள்.