கோட்டைக்குப் பெயர் கொடுத்தவர், பார்சிலோனாவில் புத்தகம் விற்கிறார்

[காட்சி: சென்னை, தலைமைச் செயலகத்தின் கொடிமரம்]

"கோட்டையைப் பிடிக்கப் போவது யார்?" தேர்தல் வந்தால் நம் ஊரில் இதே பேச்சுதான். அந்தக் கோட்டையின் முழுப்பெயர் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கிலாந்தின் பாதுகாவல் புனிதர் ஜார்ஜின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அவருடைய திருநாள் ஏப்ரல் 23.

சரி, யார் இந்த ஜார்ஜ்? ஆங்கிலேயர் இல்லை. இன்றைய துருக்கியில் இருக்கும் கப்படோசியாவைச் சேர்ந்த ரோமானியப் படைவீரர், கி.பி. 303 வாக்கில் மதத்துக்காக உயிரைக் கொடுத்தவர் என்பது மரபு. குதிரைமேல் இருந்து டிராகனைக் குத்தும் கதையெல்லாம் பல நூற்றாண்டு கழித்து ஒட்டிக்கொண்டது. ஜார்ஜியா, எத்தியோப்பியா என்று பல நாடுகள் இவரை எங்கள் ஆள் என்கின்றன.

இங்கிலாந்தில் அன்று விடுமுறைகூடக் கிடையாது. பக்கத்தில் அயர்லாந்து தன் பாதுகாவல் புனிதர் பாட்ரிக்கின் தினமான மார்ச் 17இல் பச்சை உடுத்தி ஆடித் தீர்க்கிறது. இங்கிலாந்துக்காரர்களோ ஜார்ஜின் சிவப்புச் சிலுவைக் கொடியை ஃபுட்பால் மேட்சுக்குத்தான் வெளியே எடுக்கிறார்கள்.

[காட்சி: பார்சிலோனா, ரம்ப்லா வீதி, ரோஜாக் கடைகள்]

அவரைக் கொண்டாடத் தெரிந்தவர்கள் கட்டலோனியாக்காரர்கள். பார்சிலோனா இருக்கும் ஸ்பெயின் பகுதிதான் கட்டலோனியா. ஏப்ரல் 23 அன்று அங்கே ரோஜாவும் புத்தகமும் பரிசாகக் கொடுத்துக்கொள்வார்கள். அங்கே அவர் பெயர் சான் ஜோர்டி. அவர்கள் சொல்லும் கதையில் டிராகன் வந்தது மோன்ட்பிளாங்க் என்ற ஊருக்கு. சீட்டுக் குலுக்கி ஆளாளாய் இரை அனுப்புகிறார்கள். ஒருநாள் இளவரசி பெயரே விழுகிறது. ஜோர்டி டிராகனைக் கொல்ல, ரத்தம் சிந்திய இடத்தில் ரோஜாச் செடி முளைக்கிறது. அதில் ஒரு பூவைப் பறித்து இளவரசிக்குக் கொடுக்கிறார். அதனால்தான் அன்று ரோஜா. சும்மா இல்லை, கூடவே ஒரு கோதுமைக் கதிரையும் சேர்த்து மஞ்சள் சிவப்பு ரிப்பனால் கட்டித் தருவார்கள்.

புத்தகம் எங்கிருந்து வந்தது? அது வியாபார மூளை. பதிப்பாளர் விசென்ட் கிளாவெல் சொன்ன யோசனைப்படி 1926 அக்டோபர் 7 அன்று ஸ்பெயினில் முதல் புத்தக தினம். 1930இல் அதை ஏப்ரல் 23க்கு மாற்றினார்கள். 'டான் குயிக்ஸாட்' நாவலை எழுதிய செர்வான்டிஸின் நினைவு நாளும் அதுதான். பார்சிலோனாவில் ரோஜாவும் புத்தகமும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன. 1995இல் யுனெஸ்கோவும் அதே தேதியை உலகப் புத்தக தினமாக்கியது.

முன்பு ஆணுக்குப் புத்தகம், பெண்ணுக்கு ரோஜா. இப்போது யாருக்கு வேண்டுமானாலும் எதுவும். (ஆண்களுக்கு மட்டும் புத்தகம் என்று யார்தான் முடிவு செய்தார்களோ!)

அங்கேயும் அன்று வேலை நாள்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ்காரர்கள் இறங்கி வந்து, ஒரு கையில் முள் குத்தாமல் ரோஜாவைப் பிடித்தபடி, மறுகையால் புத்தகம் புரட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.