கீழே சொட்டு இல்லை, டேங்கில் கூலண்டும் இல்லை: ஏற்காட்டு பிக்கப் ஒன்றின் கதை

[காட்சி: நாகலூர், விடியற்காலை. பனிமூட்டத்துக்குள் ஒரு பிக்கப் வண்டி. பானட் திறந்திருக்கிறது.]

வணக்கம். இந்த வண்டி என் மாமாவுடையது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம். காப்பி, மிளகு மூட்டைகளோடு சேலம் லீ பஜாருக்கு இறங்குவார். திரும்பும்போது உரம், சிமென்ட், மளிகை என்று நிறைய ஏற்றிக்கொண்டு மேலே வருவார். வாரத்துக்கு மூன்று நடை. 2018-இல் வாங்கிய டீசல் வண்டி, அப்போதிருந்த பி.எஸ்.4 புகை விதிப்படி வந்தது.

போன டிசம்பரில் ஆரம்பித்தது. ரிசர்வ் டேங்கில் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம், குறைகிறது. ஊற்றினால் ஒரு வாரம் தாங்கும், மறுபடி குறையும். கீழே ஈரமே இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஹோஸ் மாற்றினார், ரேடியேட்டர் மூடி மாற்றினார். ஒரு பட்டறையில், "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க, ஹெட்டை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம்; அதன் அடியில் புகை, கூலண்ட், ஆயில் மூன்றும் கலக்காமல் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அப்புறம்தான் எனக்கு போன். "மாப்ள, தண்ணி எங்கதான் போகுதுன்னு நீ ஒருக்கா வந்து பாரு."

எங்கே போகிறது என்று எல்லோரும் தேடினார்கள். எப்போது போகிறது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

[காட்சி: ரிசர்வ் டேங்கில் ஒட்டிய வெள்ளை டேப், அதில் பேனாக் கோடு.]

முதல் வேலை, அளவைச் சரியாகப் பார்ப்பது. மாமா வீட்டு வாசல் சரிவு. வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் டேங்கில் ஒரு அளவு, திருப்பி நிறுத்தினால் இன்னொரு அளவு. எஞ்சின் சூடாக இருந்தால் கூலண்ட் விரிந்து மட்டம் ஏறிக் காட்டும். இப்படிப் பார்த்துப் பார்த்தே பாதி நாள் இல்லாத குறைவுக்கு ஊற்றியிருக்கிறார், இருந்த குறைவைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். அதனால் ஒரே சமதரை, காலையில் எஞ்சின் முழுக்க ஆறின நேரம், டேப்பில் ஒரு கோடு என்று வைத்துக்கொண்டோம். ஊற்றுவதையும் மில்லி கணக்கில் அளந்துதான் ஊற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் மூடி போதும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது முகத்தைச் சுட்டுக்கொண்டு வருகிறார்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம், மூடி விலகிய நொடியில் கொதித்துப் பீய்ச்சும்.

[காட்சி: ரேடியேட்டர் மூடி, அதன் மேல் 0.9 என்ற எண்.]

இந்த 0.9 என்ன என்று கேட்பீர்கள். வெளிக்காற்றைவிட 0.9 கிலோ அழுத்தம் கூடும்வரை மூடி பிடித்து வைத்திருக்கும் என்று அர்த்தம். சேலத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீசல் எஞ்சின் சாதாரணமாக ஓடும் சூடே 90-ஐ ஒட்டி இருக்கும். மூடி சரியாக இருந்தால் கொதிநிலை 115-ஐத் தாண்டும், பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் ஏறும். மூடி ஸ்பிரிங் தளர்ந்த வண்டி சேலத்தில் ஒன்றும் காட்டாது, பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவில் பொங்கும். அதனால் மூடியை முதலில் சந்தேகப்பட்டது நியாயம்தான்.

ஆனால் மூடி வழியாகப் போனால் அது ரிசர்வ் டேங்குக்கு வந்து, டேங்க் நிறைந்து, ஓவர்ஃப்ளோ குழாயில்தான் வழிய வேண்டும். அந்தக் குழாய் நுனியில் ஒரு காலி தண்ணீர் பாட்டிலைக் கம்பியால் கட்டிவிட்டோம். நான்கு நடை போய்வந்த பிறகும் பாட்டில் உலர்ந்தே இருந்தது.

அடுத்தது வெளிக் கசிவு. கீழே குட்டை தேங்கவில்லை என்பதால் கசிவு இல்லை என்று நினைக்கக் கூடாது. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு கசிந்தால் ஒரு நாளைக்கு 72 மில்லி, ஒரு வாரத்துக்கு அரை லிட்டர். அந்தச் சொட்டு சூடான எஞ்சின்மேல் விழுந்தால் தரையைத் தொடாமலே ஆவியாகிவிடும். அதனால் ஈரத்தைத் தேடாமல் கறையைத் தேட வேண்டும். கூலண்ட் காய்ந்த இடத்தில் அதன் நிறத்திலோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். ஹோஸ் கிளிப் அடியில், ரேடியேட்டரில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பில், வாட்டர் பம்ப் அடியில் உள்ள சின்ன ஓட்டையில், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டரில் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வண்டியில் எங்கும் கறை இல்லை. ஆறின எஞ்சினில் கைப்பம்பு மாட்டி 0.9 வரை அழுத்தம் ஏற்றினோம். இருபது நிமிடம் மீட்டர் முள் நகரவே இல்லை.

[காட்சி: மஞ்சள் தூள் பாக்கெட்.]

இந்தக் கட்டத்தில்தான் பலரும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுவது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர உதவலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். லீ பஜார் மஞ்சள் குழம்புக்கே போகட்டும்.

சரி, இப்போது நோட்டுக்கு வருவோம். மூன்று வாரம் மாமா ஒழுங்காக எழுதி வைத்தார். சேலத்துக்குள் சுற்றிய நாட்களில் குறைவு இல்லை. நாமக்கல் போய்வந்த நாளில் இல்லை. மலையிலிருந்து இறங்கி லீ பஜாரில் நிறுத்திய நாட்களிலும் இல்லை. பாரத்தோடு இருபது வளைவும் ஏறி, வீட்டு வாசலில் நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்த நாட்களில் மட்டும், மறுநாள் காலையில் 80 முதல் 100 மில்லி காணோம்.

அந்தப் பட்டறைக்காரர்கள் சும்மா சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். கூலண்டுக்குள் எஞ்சின் புகை கலந்திருந்தால் டீசல் வண்டியில் அந்த நீலம் பச்சையாக மாறும். மாறியிருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி கொஞ்சம் படிந்தும் இருந்தது. இரண்டையும் பார்த்தால் ஹெட் கேஸ்கட் என்றுதான் தோன்றும். ஆனால் ஏற்காட்டுக் குளிரில் பக்கத்து ஊருக்குப் போய்வரும் வண்டிகளில் எஞ்சினுக்குள் தங்கும் ஈரமே மூடியில் அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாகத்தான் இருந்தது.

அப்படியானால் புகை எப்படிக் கூலண்டுக்குள் வந்தது?

[காட்சி: காகிதத்தில் கையால் வரைந்த படம். சைலன்சர் பக்கமிருந்து ஒரு குழாய் சுற்றி எஞ்சினுக்குத் திரும்புகிறது.]

இந்த மாதிரி டீசல்களில் வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்கே அனுப்புவார்கள். அதுதான் இ.ஜி.ஆர். போகும் வழியில் அந்தப் புகையைக் குளிரவைக்க ஒரு கூலர் உண்டு: உள்ளே மெல்லிய குழாய்களில் புகை, சுற்றிலும் கூலண்ட். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்தக் குழாயில் மயிரிழை விரிசல் விழலாம். பாரத்தில் ஏறும்போது புகையின் அழுத்தம் அதிகம். புகை கூலண்டுக்குள் நுழையும். எஞ்சினை அணைத்ததும் புகை அழுத்தம் போய்விடும், கூலண்டின் அழுத்தம் மட்டும் நிற்கும். இப்போது கூலண்ட் புகைக்குழாய்க்குள் இறங்கும். மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போது வெந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். தரையில் சொட்டாது, ஆயிலில் கலக்காது.

வெள்ளைப் புகை வந்தால் மாமா பார்த்திருக்க மாட்டாரா? பார்த்தார், தினமும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் ஏற்காட்டில் விடியற்காலை எந்த வண்டியை ஸ்டார்ட் செய்தாலும் வெள்ளையாகத்தான் வரும். நம் வாயிலிருந்தே வருகிறது! பனி எங்களை ஏமாற்றியிருக்கிறது.

அதனால் மார்ச் மாதம் ஒரு நாள் நேரத்தை மாற்றினோம். முழுப் பாரத்தோடு காலை எட்டு மணிக்கு மேலே வந்து அணைத்தோம். மதியம் ஒரு மணி வெயிலில் ஸ்டார்ட்.

[காட்சி: நல்ல வெயில். சைலன்சரிலிருந்து அடர்ந்த வெள்ளைப் புகை.]

பாருங்கள். ஈரத்தால் வரும் ஆவி என்றால் இந்த வெயிலில் வரவே கூடாது, வந்தாலும் உடனே கலைந்துவிடும். இது இரண்டு நிமிடம் தொங்கியது. ஒரு மாதிரி இனிப்பான வாசனை வேறு.

கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றியதும் உள்ளே கரி ஈரமாக, சேறு மாதிரி இருந்தது. அது உலர்ந்த தூளாக இருக்க வேண்டிய இடம். கூலரைக் கழற்றி, வாய்களை அடைத்து, காற்றடித்து, சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பது போல வாளித் தண்ணீரில் முக்கினோம். ஒரு குமிழியும் இல்லை. மாமா முகம் தொங்கிவிட்டது. அங்கிருந்த வயதான மெக்கானிக் அண்ணன்தான், "சுடுதண்ணி கொண்டு வாங்க" என்றார். கொதிக்கக் கொதிக்க ஊற்றி முக்கியதும் வரிசையாகக் குமிழி. சூட்டில் விரிந்தால் மட்டுமே திறக்கும் விரிசல். ஆறின எஞ்சினில் நாங்கள் செய்த அழுத்தச் சோதனை ஏன் ஒன்றும் காட்டவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

கூலரை மாற்றினோம். இ.ஜி.ஆர். வழியையே தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். புகைச் சோதனையில் மாட்டும், எஞ்சின் விளக்கும் எரியும், வேண்டாம் என்றேன். அப்படியே விட்டிருந்தாலும் ஆபத்துதான். விரிசல் பெரிதாகி சிலிண்டரில் கூலண்ட் தேங்கினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

பழைய கூலண்டை வாசலில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொல்லும் விஷம். புதிதாக நிரப்பும்போது போர் தண்ணீரும் வேண்டாம், அதன் உப்பு உள்ளே படியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றிய மறுநாள் காலையே போன். "மாப்ள, மறுபடியும் குறையுது!" கோட்டிலிருந்து 150 மில்லி கீழே. அது கசிவு கிடையாது. நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேறி, அந்த இடத்தைக் கூலண்ட் பிடித்துக்கொள்கிறது. வாசல் சரிவில் வண்டியை மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிடச் சொன்னேன். குமிழி நின்றது, கூலண்டை நிரப்பி மூடினார். மூன்றாம் நாளிலிருந்து மட்டம் டேப் கோட்டிலேயே நிற்கிறது. நோட்டை இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.